இரண்டு விரல்களுக்கிடையே ஒரு ஜாக்கெட்

ஜனவரி 18, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்து மோட்டார் போட்டேன். ஆறுக்குக் காபி, ஆறரைக்குச் செடிகளுக்குத் தண்ணீர். பத்து மணிக்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அனுப்பிய பார்சல் வந்தது. காஷ்மீரில் என்னோடு சேர்ந்து பனிச்சறுக்கு பழக வேண்டும் என்று தன் முதல் போனஸில் பயணம் பதிவு செய்திருக்கிறாள். உள்ளே பாலியஸ்டர் உள்ளாடைகளும் நீர் புகாத நீல ஜாக்கெட்டும் இருந்தன. ஜாக்கெட்டை விரித்ததும் சடசடத்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன்.

என் பெட்டியை முந்தைய நாளே அடுக்கிவிட்டேன். ஆறு காட்டன் பனியன், நான்கு காட்டன் சட்டை, இரண்டு காட்டன் பேன்ட். அதைப் போனில் சொன்னபோது மகளின் குரல் மாறியது. "காட்டன் வேர்வையைக் குடிச்சிட்டு காயவே காயாதுப்பா. அங்கன உடம்பு விறைச்சுப் போகும். அதைப் போட்டுட்டு வந்தா நான் உங்களைப் பனியில எறக்க மாட்டேன்." என் அலமாரியில் பல வருடங்களாக நைலானோ பாலியஸ்டரோ கிடையாது. அதற்குக் காரணம் ஓர் அக்கா.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் நான் மேனேஜராக இருந்தபோது, வாசலில் துணி பார்ப்பது அந்த அக்காவின் வேலை. பாலியஸ்டர் உரசினால் பொறி பிறக்கும். வெடிமருந்து அறை வெடிக்க அது போதும். காலையில் ஒவ்வொருவரின் துணியையும் இரண்டு விரல்களால் நெருடிப் பார்த்த பிறகே வழி விடுவார். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்க, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு எல்லோரும் உள்ளே போவோம். என் பிறந்தநாளன்று மனைவி எடுத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் போனேன். நெருடிப் பார்த்தவர் நகரவில்லை. லேபிளில் காட்டன் என்றுதானே எழுதியிருக்கிறது என்றேன்.

"எழுதுனவுக இங்கன வேலை பார்க்கலையே சார். உங்களுக்கு இது ஒரு சட்டை. உள்ள நாப்பது உசுரு."

பின்னால் வரிசை நின்றது. யாரோ சிரித்தார்கள். அந்த அக்காவை வேலையை விட்டு நிறுத்துவது என்ற முடிவோடுதான் ஸ்கூட்டரில் வீடு திரும்பினேன். சட்டையின் ஓரத்தில் ஒரு நூலை உருவி, அடுப்பங்கரையில் தீக்குச்சி கிழித்து அதன் தீயில் காட்டினேன். காட்டன் என்றால் சாம்பலாக உதிர்ந்திருக்க வேண்டும். அது உருகி, கறுப்பு மணியாகத் திரண்டது. அந்த மணியை அன்றைய டைரிப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். இன்னும் இருக்கிறது. சட்டை மாற்றிக்கொண்டு போனபோது அவர் அதே நிதானத்தோடு மறுபடியும் நெருடிப் பார்த்துத்தான் விட்டார்.

பார்சல் வந்த அன்று மாலை நாலரைக்கு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது, விரல்கள் மறக்கவில்லை. தொட்டதும், அசல் நைலான் என்றார். அதுதான் யோசனையாக இருக்கிறது என்றேன்.

"ஏன், பனியில போயி மருந்தா இடிக்கப் போறீக?" என்று சிரித்தார். பிறகு, வாசலில் நின்ற அதே முகத்தோடு, அங்கே நெருப்பு உண்டா என்று கேட்டார். ஈரமும் காற்றும்தான் என்றேன். தையலை, ஜிப்பை, கழுத்துப் பட்டையை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "பெறகென்ன சார். ஈரத்துக்கு இதுதான். பிள்ளை பார்த்துத்தான் வாங்கியிருக்கு. போட்டுட்டுப் போங்க."

மறுநாள் ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போடுவதற்கு முன் பெட்டியிலிருந்த காட்டனை எல்லாம் எடுத்து அலமாரியில் வைத்தேன். ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்க எடுத்தபோது, கை தானாகப் போய் ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுவிட்டு வந்தது.