கீழெல்லை

முத்தழகு கருங்கல்லைக் காலால் உருட்டி லாரியின் முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். டிரைவர் ஹாரனை அழுத்தினான். அவள் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"யாருக்கு ஊதுற? எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்."

லாரியின் முதுகில் துளை போடும் எந்திரம் படுத்திருந்தது. அவள் வயல் ஓரத்துப் பாதை வழியாக அது மருதுவின் வயலுக்குப் போக வேண்டும்.

மருது அவள் புருஷனின் தம்பி. புருஷன் செத்த வருஷமே, அண்ணன் பங்கைத் தான் வாங்கிவிட்டதாகச் சொல்லி அவள் வயலில் ஏர் இறக்கினான். அவள் கேஸ் போட்டாள். புதுவயல் ரைஸ் மில்லில் அவித்த நெல்லைக் காலால் கிளறிக் காயவைக்கும் வேலை அவளுக்கு. வாய்தா அன்று மட்டும் லீவு. முதல் வக்கீல் செத்துப்போனார். இரண்டாவது வக்கீலுக்குத் தலை நரைத்தது. பதினோராவது வருஷம் தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. வயலும் அதிலிருந்த கிணறும் அவளுடையவை. கோடையிலும் அந்தக் கிணற்றில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அதற்குப் பிறகு மருதுவோடு பேச்சில்லை.

முந்தின நாள் மில் களத்தில் ஈஸ்வரி சொன்னாள்.

"அக்கா, ஒங்க கொழுந்தன் ஏதோ சேல் கேசுல கையெழுத்துப் போட்டுட்டாராம். லாரி வருதாம்."

முத்தழகின் கால் நெல்லிலேயே நின்றுவிட்டது. நிலத்தை எவனுக்கோ விற்று, முடிந்த கேஸை மறுபடி கிளப்புகிறான் என்று நினைத்தாள். அன்று சாயங்காலமே கல்லைப் பாதையோரம் கொண்டுவந்து போட்டாள்.

லாரிக்குப் பின்னால் நின்ற ஜீப்பிலிருந்து ரவிக்குமார் இறங்கி வந்தான். எண்ணெய்க் கம்பெனி ஆள். பாறைகளைப் பற்றிப் படித்தவன். சென்னைக்காரன்.

"முடிஞ்ச கேச மறுபடி கெளப்ப வந்தீகளா?" என்று முத்தழகு கேட்டாள்.

"அம்மா, இது கோர்ட் கேஸ் இல்ல. அடுப்புல எரியுற கேஸ். ஷேல்னா ஒரு பாறை. சேறு இறுகி, ஏடு ஏடா இருக்கும். அதுக்குள்ள கேஸ் இருக்கான்னு பாக்க வந்திருக்கோம்."

"அப்ப வயல விக்கலையா?"

"யாரும் விக்கல."

முத்தழகு எழுந்திருக்கப் போனாள். சேலையைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பாறை எங்க இருக்கு?"

"கீழ."

"கீழ மருது வயலு. அதுல என்னமும் நோண்டிக்கங்க."

அவள் ஊரில் கீழ என்றால் கிழக்கு. அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. விரலால் தரையைக் காட்டினான்.

"இந்தக் கீழம்மா. ரொம்ப ஆழத்துல. அவர் வயல்ல குழாய் இறங்கும். அடியில போய்ப் படுக்கையாத் திரும்பும். தண்ணி, மணல், மருந்து எல்லாம் சேத்து அழுத்தி, பாறையில விரிசல் விடவைப்போம். அதெல்லாம் பின்னால. இப்ப சோதனைக் குழிதான்."

"படுக்கையா எங்குட்டுத் திரும்பும்?"

"உங்க வயலுக்கு அடியிலயும் வரலாம். ஆனா உங்க மண்ணுல கை வைக்க மாட்டோம்."

"என்னையக் கேக்காமலா?"

"அடியில இருக்கிறது அரசாங்கத்துக்குச் சொந்தம்."

அவள் மறுபடி கல்லில் உட்கார்ந்தாள். தீர்ப்பில் நான்கு எல்லை சொல்லியிருந்தது. வடக்கே கண்மாய்க் கரை. மேற்கே செட்டியார் தோப்பு. தெற்கே ஓடை. கிழக்கே மருது. அடியில் எதுவரை என்று யாரும் கேட்கவில்லை.

மருது மொபெட்டில் வந்து சேர்ந்தான்.

"மதினி, எந்திரிங்க. அமெரிக்காக்காரன் இத எடுத்துத்தான் அரேபியாவையே முந்திட்டான்."

"நீ எப்ப அமெரிக்கா போன?"

"சார் சொன்னாரு."

அவள் ரவிக்குமார் பக்கம் திரும்பினாள். "எல்லா நாட்டுலயும் எடுக்குறாகளா?"

"அமெரிக்காவுல நிறைய. சீனா, அர்ஜென்டினாவுல எடுக்கிறாங்க. போலந்துல தோண்டிப் பாத்துட்டு, லாயக்கில்லன்னு போயிட்டாங்க. பிரான்ஸ்ல பாறைய உடைக்கவே கூடாதுன்னு சட்டம்."

"ஒரு குழி எம்புட்டு நாளைக்கு வரும்?"

"முதல் வருஷமே பாதிக்கு மேல குறைஞ்சிடும். பக்கத்துல அடுத்தது போடணும். போட்டுக்கிட்டே இருக்கணும். உலகத்துல எண்ணெய் விலை இறங்கினா நிறுத்திடுவாங்க. ஏறினா மறுபடி ஆரம்பிப்பாங்க."

"இனிமே ஏறுமா, எறங்குமா?"

"எங்க ஆபீஸ்லயே ரெண்டு விதமாச் சொல்றாங்கம்மா."

"கேட்டியா மருது? எங்கயோ எவனோ வெலய ஏத்தி எறக்குவான். அதுக்குத் தண்ணிய எறைச்சு இங்க கெணறு வத்தணும்."

"என் கெணறு வத்தி எம்புட்டு நாளாச்சு. இனி வத்துறதுக்கு என்ன இருக்கு?"

"என் கெணறு வத்தல."

மருது மொபெட்டை ஸ்டாண்டில் போட்டான். பிறகு குரலை உயர்த்தினான்.

"தீர்ப்புலயே எனக்குப் பாதை குடுத்திருக்கு. மறிக்காதீக."

"குடுத்திருக்கு. எதுக்குன்னு குடுத்திருக்கு? வாயத் தொறந்து சொல்லு."

மருது மொபெட்டின் கண்ணாடியைத் துடைத்தான்.

"ஆளும் மாடும் போய்வர," என்றாள் முத்தழகு. லாரியின் பம்பரில் ஓங்கித் தட்டினாள். "இது ஆளா, மாடா?"

டிரைவர் சிரித்துவிட்டான். மருது முகத்தைத் தோப்புப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோளும் குலுங்கியது.

ரவிக்குமார் சிரிக்கவில்லை. "கலெக்டர் உத்தரவோட வந்தா இதெல்லாம் நிக்காதும்மா."

"வாங்கிட்டு வாங்க தம்பி. நான் கேசு போடுறேன். எப்படியும் பதினோரு வருசம் ஆகும். அதுக்குள்ள ஒங்க வெல எறங்கிரும்."

அவன் போனை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் போனான். ஆபீசோடு வெகு நேரம் பேசினான். வந்து, திருப்பு என்று டிரைவரிடம் சொன்னான். திருப்ப இடமில்லை. ஜீப்பும் லாரியும் தார்ரோடு வரை பின்னோக்கியே போக வேண்டும். மருதுதான் லாரியின் பின்பக்கம் ஓடி, "வரட்டும், வரட்டும்" என்று கை காட்டினான்.

"வரப்பு இடியுது பாரு, அங்குட்டு ஒடிக்கச் சொல்லு!" என்று முத்தழகு கல்லிலிருந்தே கத்தினாள்.

"ஒடி, ஒடி, மதினி வையிது," என்றான் மருது.

மறுநாள் வியாழக்கிழமை. லாரி வரவில்லை. கண்மாய்க்கு அந்தப்புறம் யாரோ அளந்து முளை அடித்திருப்பதாகப் பேச்சு வந்தது. முத்தழகு காலையில் மும்முனைக் கரண்ட் இருந்தவரை மோட்டார் ஓட்டிவிட்டு மில்லுக்குப் போனாள். அன்றைக்கு வெயில் நன்றாக இருந்தது. நெல் சீக்கிரம் காய்ந்தது. மருது மாடுகளைப் பாதையில் ஓட்டிப்போனான். கல் அங்கேயே கிடந்தது. மாடுகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின.