இடப்பக்கக் கண்ணாடி

வெளியே என்ன குளிரோ அதே குளிர்தான் எங்கள் காருக்குள்ளும் இருக்கும். அம்மா முன்னால், அப்பாவுக்கு இடப்பக்கத்தில் உட்காருவார். பெல்ட் போடுவதற்கு முன்பே கண்ணாடியை இறக்கிவிடுவார். மழையோ பனியோ, ஒரு சாண் அளவாவது திறந்திருக்க வேண்டும். பின்னால் நான் தொப்பி, கையுறை, கழுத்துக்கு மஃப்ளர் எல்லாம் மாட்டிக்கொண்டு, வட துருவத்துக்குப் புறப்பட்டவள்போலச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போய் இறங்குவேன். அப்பா ஹீட்டரைக் கூட்டுவார், அம்மா கண்ணாடியை இறக்குவார். அதைப் பற்றி இருவரும் ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. ஏன் என்று நான் கேட்டபோது, "அம்மாவுக்குக் காத்து வேணும், பிள்ளை" என்றார் அப்பா. சரி, சிலருக்கு இனிப்புப் பிடிக்கும், அம்மாவுக்குக் காற்றுப் பிடிக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். வகுப்புப் பிள்ளைகள் யாராவது கூட வந்தால்தான் மானம் போகும்.

அது இரண்டே கதவு வைத்த சின்னக் கார். பின்பக்கக் கண்ணாடிகள் திறக்கவே திறக்காது. வாங்கிய கிழமையே கோயில் முற்றத்தில் நிறுத்தி, சுவாமியாரைக் கொண்டு தீர்த்தம் தெளிப்பித்து, அந்தோனியார் படத்தையும் ஒட்டிக்கொண்டுதான் அப்பா அதைக் கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் இருந்த எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்.

அந்தக் குளிர்காலம் அம்மாவின் ஒரே அக்கா, எனக்குப் பெரியம்மா, ஹரோவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். புற்றுநோய். அப்பாவின் ஷிப்ட் முடிந்ததும் நாங்கள் லண்டனின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் வருவோம். அப்படிப் போய் வந்த ஒரு நாள், வாசலில் வைத்து அப்பா கண்ணாடியை மேலே ஏற்றினார். கதவுக்குள் 'கிர்ர்' என்று ஏதோ அரைபட்டது. அதற்குப் பிறகு கண்ணாடி இறங்கவில்லை.

"மோட்டர் செத்துப்போச்சு" என்றார் அப்பா. காரைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னார்.

மறுநாளிலிருந்து அம்மா காரில் ஏறவில்லை. ஏறவேயில்லை! பஸ் மாறிப் பஸ் மாறி, கதவோரம் நின்றபடியே ஹரோவுக்குப் போய்வந்தார். வீட்டுக்கு வந்து சேரும்போது முகம் வெளுத்திருக்கும். "அப்பாவின்ர பக்கம் திறக்குதுதானே, அம்மா?" என்று நான் கேட்டேன். "அது எனக்கு எட்டாது" என்றார். கண்ணாடி திறந்திருந்தால் போதாதா, எட்ட வேறு வேண்டுமா? பெரியவர்களின் பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

புது மோட்டரும், கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரும் ஒரு பெட்டியில் வந்து சேர்ந்தன. அந்தச் சனிக்கிழமை அப்பா வாசலிலேயே கதவைக் கழற்றத் தொடங்கினார். உதவிக்குச் சித்தப்பா வந்தார், அப்பாவின் தம்பி. சின்ன வயதிலேயே லண்டனுக்கு வந்துவிட்டவர், பார்சல் கொண்டு திரியும் வேலை. அன்று பார்சல்களை இறக்கிவிட்டுத் தன் வெள்ளை வான் வண்டியிலேயே வந்து, எங்கள் கேற்றை மறித்தாற்போல நிறுத்தினார்.

கழற்றுவது லேசாக இருக்கவில்லை. கைப்பிடிக்குக் கீழே ஒளித்திருந்த திருகாணியைக் கண்டுபிடிக்கவே அரைக் காலை போயிற்று. பிறகு பிளாஸ்டிக் கொழுக்கிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. கண்ணாடி விழாமல் இருக்க அதை மேலே தூக்கி, கூரையோடு சேர்த்து அகலமான பசை ரேப்பால் ஒட்டினார்கள். உள்ளேயிருந்து வெளியே வந்த பழைய ரெகுலேட்டரின் கம்பிக் கயிறு, பிய்ந்து சிக்குப்பட்ட தலைமயிர்போல மோட்டரைச் சுற்றிக் கிடந்தது.

"அண்ணை, இவ்வளவு பாடு எதுக்கு? அண்ணிக்குக் கண்ணாடி மூடியிருந்தா என்ன, குளிர் குறையும்தானே!" என்று சித்தப்பா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "பிடி, ஆட்டாதை" என்று மட்டும் சொன்னார்.

அந்த நேரம்தான் போன் வந்தது. பெரியம்மாவின் மகள். அம்மா போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு வந்தார், ஒரு காலில் மட்டும் சப்பாத்து. "உடன வரட்டாம். பின்னேரம் வரை தாங்குமோ தெரியாதாம்" என்றார்.

சித்தப்பா நல்ல மனிதர். கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் வானின் கதவைத் திறந்தார். "ஏறுங்கோ அண்ணி! நான் கொண்டுபோய் விடுறன். கண்ணாடியையும் திறந்தே விடுறன், வாங்கோ."

அம்மா அப்போதுதான் அந்த வானைக் கண்டார் என்று நினைக்கிறேன். ஒரு அடி பின்னால் வைத்தார், பிறகு இன்னொன்று. முதுகு சுவரில் முட்டும்வரை போய் நின்றார்.

"டேய்! வானை இஞ்சயிருந்து எடு!" அப்பா கத்தினார். "எடடா! அங்கால, ரோட்டு முடக்கில கொண்டுபோய் விடு!"

அப்பா கத்தி நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை. சித்தப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. உதவி செய்யப் போனவருக்கு இந்த மரியாதை! எனக்குச் சித்தப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பார்சல் வானில் ஏறினால் அம்மாவுக்குக் கௌரவம் குறைந்துவிடுமாக்கும் என்று நினைத்தேன். சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனாலும் வானைக் கொண்டுபோய் ஒதுக்குப்புறமாக விட்டுவிட்டு, வந்து மறுபடி கண்ணாடியைப் பிடித்தார்.

அப்பா அவசர அவசரமாகப் பூட்டத் தொடங்கினார். ஒரு நட்டு நழுவிக் கதவின் உள்ளே, அடியில் விழுந்தது. "அந்தோனியாரே, அந்தோனியாரே" என்று முணுமுணுத்தபடி விரலை விட்டுப் பார்த்தார், போகவில்லை. சுவரோரம் நின்ற அம்மா கிட்ட வந்தார். கோட்டுக் கையைச் சுருட்டி, அந்த இருட்டுத் தகரத்துக்குள் முழங்கை வரை விட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு துழாவி நட்டை எடுத்துக் கொடுத்தார். "கெதியாப் பூட்டுங்கோ" என்றார்.

புது மோட்டரின் பிளக் பொருந்தவில்லை. அப்பா பழைய பிளக்கை வெட்டிக் கம்பிகளை முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றினார். கியருக்குப் பக்கத்தில் இருந்த சுவிட்சை இறக்கும் பக்கம் அமத்தினார். கண்ணாடி அசையவில்லை. ஏற்றும் பக்கம் அமத்தினார். இறங்கியது!

"அண்ணை, கம்பி மாறிப்போச்சு" என்றார் சித்தப்பா. "பதறாத காரியம் சிதறாது எண்டு சும்மாவே சொன்னவை? கழட்டி மாத்துவம்."

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். "கண்ணாடி இறங்குதுதானே. இப்போதைக்கு அது காணும். வந்து மாத்துவம்." கதவின் உள்பலகையைப் பூட்டக்கூட நிற்கவில்லை. அதைச் சித்தப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, அம்மாவிடம், "இஞ்சாரும், இரும். ஏத்திற பக்கம் அமத்தினா இறங்கும். மறந்திடாதையும்" என்றார். அம்மா தலையாட்டினார். வெறும் தகரக் கதவோடு நாங்கள் புறப்பட்டோம்.

நோர்த் சேர்க்குலர் ரோட்டில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பாலத்தின் கீழே வாகனங்கள் நெருங்கி ஊர்ந்தன. எங்கள் இடப்பக்கம் ஒரு பெரிய லொறி சுவர்போல வந்து ஒட்டிக்கொண்டது. கார் இருண்டது. ஒரு சாண் திறந்திருந்த கண்ணாடியை இன்னும் இறக்க நினைத்து அம்மா சுவிட்சை அமத்தினார். பழக்கப்பட்ட விரல், பழக்கப்பட்ட பக்கத்தையே அமத்தியது. கண்ணாடி மேலே ஏறிப் பொத்தென்று மூடிக்கொண்டது.

அம்மா இன்னும் பலமாக அமத்தினார், அதே பக்கம். மற்றக் கையால் கதவின் தகரத்தில் அடிக்கத் தொடங்கினார். "மற்றப் பக்கம்! மற்றப் பக்கம் அமத்தும்!" என்று அப்பா கத்தினார். ஒரு பக்கம் லொறி, மறுபக்கம் கார்கள், அவரால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. அம்மாவுக்கு அது கேட்கவில்லை. நான் அறியாத ஒரு சின்னக் குரலில், "திறவுங்கோ ஐயா, திறவுங்கோ ஐயா" என்று கெஞ்சினார்.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அம்மா அப்பாவை ஒருநாளும் ஐயா என்று கூப்பிட்டதில்லை. பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இரண்டு சீட்டுக்கும் நடுவே பாய்ந்தேன். அம்மாவின் விரலை இழுத்துவிட்டு மற்றப் பக்கத்தை அமத்திப் பிடித்தேன். கண்ணாடி இறங்கியது, அடிவரை இறங்கியது. மழையும் லொறிப் புகையும் முகத்தில் அடித்தன. அம்மா தலையை வெளியே நீட்டி மூச்சை இழுத்து இழுத்து விட்டார். ஹரோ வரை நான் அந்த இடத்திலேயே குந்தியிருந்து சுவிட்சுக்கு மேல் என் உள்ளங்கையைப் பொத்தி வைத்திருந்தேன்.

இன்றைக்கு எனக்குத் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மன்னாரில், அம்மா பள்ளிக்கூடம் முடித்த வருஷம், ஒரு காலைப் பூசை முடிந்து வந்தவரை ஒரு வெள்ளை வானில் இழுத்துப் போட்டுக்கொண்டு போனார்கள். அதன் கண்ணாடிகள் கறுப்புத் தாள் ஒட்டி, திறக்க முடியாமல் அடைத்திருந்தனவாம். எந்த இராணுவ முகாம் என்று தேடி அலைந்து கண்டுபிடித்து, அதன் வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்று, திட்டு வாங்கி, அடி வாங்கி, அம்மாவை உயிரோடு வெளியே கொண்டுவந்தவர் பெரியம்மா. நான் வளர்ந்து, எனக்கும் ஒரு பிள்ளை பிறந்த பிறகுதான் அம்மா இதைச் சொன்னார். அதுவும் காரில், கண்ணாடியை இறக்கிவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

அன்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெரியம்மாவுக்கு மூச்சு இருந்தது. அம்மா கட்டிலின் ஓரம் குனிந்து, "அக்கா, நான் வந்திட்டன்" என்றார். பெரியம்மா கண்ணைத் திறந்தார். தங்கச்சியின் நனைந்த தலையைத் தொட்டுப் பார்த்தார். சுற்றி நின்ற தன் பிள்ளைகளைக் கேட்கவில்லை, மாதாவைக் கூப்பிடவில்லை.

"கண்ணாடி திறந்துதானே வந்தனீ?" என்றார்.

"ஓமக்கா. திறந்துதான் வந்தனான்."

பெரியம்மா தலையை மெல்ல ஆட்டிவிட்டுக் கண்ணை மூடினார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். நான் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்து, யாருக்கும் கேட்காமல், "பாவம் அப்பா, பெரியம்மாவுக்கு அறிவு மாறிப்போச்சு. என்னவோ கேக்கிறா" என்றேன்.