மூட்டுக்கு மூன்று

ஊரில் இருக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரும், இங்கே பக்டரி லஞ்ச் றூமில் சிலர் பச்சை இலையை ஆடு மாதிரி மென்றுகொண்டிருப்பார்கள். ஆனால் என்னோடு வேலை செய்யும் லிண்டாவின் டப்பாவில் மரவட்டை மாதிரிச் சுருண்டு கிடந்த குருத்தை ருசி பார்த்தபோது எனக்கு வாயூறியது. காட்டுப் பன்னச்செடியின், அதுதான் பேர்னின், குருத்து, பெயர் பிடில்ஹெட். லிண்டா இந்த நாட்டு மிக்மக் ஆதிக்குடியைச் சேர்ந்தவள். பரம்பரையாக அவர்கள் வசந்தத்தில் பிடுங்கி, நன்றாக அவித்துத் தின்பார்களாம். மே மாதம் ஒரு சனிக்கிழமை, பிக்கரிங்குக்கு அப்பால் தன் தமக்கையின் காணிக்கு என்னைக் கூட்டிப் போனாள்.

ஓடைக்கரை முழுக்கச் செடி, ஒவ்வொரு மூட்டிலும் கொத்தாகக் குருத்து. "மூட்டுக்கு மூன்று, மிச்சத்தை விட்டுவிடு" என்று ஆங்கிலத்தில் சொல்லி விரல்களைக் காட்டினாள். தலையாட்டினேன். கை கேட்டால்தானே! மூடு மூடாக மொட்டையடித்துக்கொண்டு போனேன். "ஸ்டொப், ராணி!" என்று கத்தியபடி ஓடிவந்து என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். மற்றக் கையால் அவள் வாயில் குத்தினேன். உதடு பிளந்தது. விழுந்தவள்மேல் ஏறி இன்னொரு தடவையும் குத்தினேன். அதன் பிறகுதான் அது லிண்டா என்று உறைத்தது.

வன்னியில் சண்டையின் கடைசி மாதங்களில், செல் விழுந்துகொண்டிருக்க, தின்னக்கூடிய இலையிருந்த ஒரு பற்றைக்கு இரண்டு பெண்கள் அடிபட்டோம். பங்கருக்குள் என் நாலு வயது மகள் பசியில் அழவும் தெம்பில்லாமல் கிடந்தாள். மற்றவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கல்லால் அவள் மண்டையில் அடித்தேன். சரிந்தவளின் மடியில் இருந்த இலையையும் அள்ளிக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. மகள் பிழைத்தது அந்த இலையில். இதை முதன்முதலாக உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

இரத்தம் வழிய லிண்டாவே காரை ஓட்டிவந்து என்னை டோர்செட் பார்க்கில், வீட்டு வாசலில் இறக்கினாள்.

"என்னம்மா, கையெல்லாம் பிளட்?" என்றாள் மகள்.

"முள்ளுக் கீறிப்போட்டுது, பிள்ளை."

திங்கட்கிழமை, பொலிஸ் வரும், வேலை போகும் என்று நினைத்துக்கொண்டு போனேன். தையல் போட்ட உதட்டோடு லிண்டா சுப்பவைசரிடம், காட்டில் விழுந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "சொறி" என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "அடுத்த மே மாதமும் நீ வரவேண்டும். ஒன்றும் பிடுங்கக்கூடாது. நீ மொட்டையடித்ததில் எது எழும்பியது, எது செத்தது என்று குனிந்து பார்க்கவேண்டும்" என்றாள்.

"ஓம்" என்றேன், தமிழில்.

போவேன். ஒவ்வொரு மூடாகக் குனிந்து பார்ப்பேன். வன்னியில் அந்தப் பற்றையடிக்குப் போய், அவள் எழும்பினாளா என்று பார்க்க என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போவேனா, தெரியாது.