அத்தானின் சிலிகோன் கம்பனி

என் அக்காவின் கணவரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். வெள்ளவத்தையில் இரசாயனவியல் ரியூசன் மாஸ்டர். பல்கலைக்கழகம் போனவர். நான் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் இரண்டு தடவை விழுந்து, மூன்றாம் தடவை போகாமல் விட்டவன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கம்பனி தொடங்கினோம். சிலிகோன் எமல்ஷன் செய்கிற கம்பனி.

சிலிகோன் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாதபடி கலந்தால் வெள்ளைவெளேரென்று பால் போல ஒன்று வரும். டயரில் பூசினால் பளபளக்கும். கால் துடைக்கிற றப்பர் மேட் வார்க்கிற இடங்களில் சூடான இரும்பு அச்சான மோல்டின் மேல் அதை விசிறினால் மேட் ஒட்டாமல் கழன்று வரும். அவ்வளவுதான் விஷயம். இதைச் செய்யப் பட்டம் தேவையில்லை. பொறுமையும் ஒழுங்காக வேலை செய்கிற ஒரு கையும் போதும். அத்தானிடம் இரண்டும் இல்லை.

நான் இதைப் படித்தது கத்தாரில், டோகாவில், கார் கழுவுகிற ஒரு இடத்தில். முதலாளி கடைப் பொலிஷ் வாங்க மனம் வராத கஞ்சன். பின்வளவில் நாங்களே கலக்கினோம். ஒரு வங்காளதேசக்காரன் கலக்குவான், நான் வாளி பிடிப்பேன். அவன் சிறுநீரகம் பழுதாகி ஊருக்குப் போன பிறகு நான் கலக்கினேன். எட்டுப் பேர் ஒரு அறையில் படுத்தோம். வெயில் காலத்தில் எனக்கு மூக்கால் இரத்தம் வரும். துடைத்துவிட்டு அடுத்த காருக்குப் போவேன். அதற்கு முதல் சிலாபத்தில் இறால் பண்ணை, மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக்கடை, இடையில் ஒரு வருடம் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. ஒரு இடத்திலும் நான் நிலைத்ததில்லை.

ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தபோது அக்கா வீட்டில் வாய் தவறி இந்தக் கலவை பற்றிச் சொல்லிவிட்டேன். அத்தானின் கண் விரிந்தது. அன்றே வெள்ளைப் பலகையில் மூலக்கூறு வரைந்தார்.

"டேய், இது பொலிமர். உனக்கு விளங்காது. ஆனா நீ கலக்கு. மிச்சத்தை நான் பாக்கிறன்."

மிச்சம் என்று அவர் சொன்னது என்னவென்று பிறகு தெரிந்தது. ஒரு சொட்டுக் கலக்க முதலே விசிட்டிங் கார்ட் அடித்துக்கொண்டு வந்தார். அவருடையதில் நிர்வாகப் பணிப்பாளர். என்னுடையதில் உற்பத்தி உதவியாளர். நான்தான் உற்பத்தி, நான்தான் உதவியாளர். கனடாவிலிருந்து அவருடைய தம்பி வீடியோவில் வந்து போத்தலின் லேபிளுக்கு நிறம் சொன்னார். போத்தலே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டு மேசையைச் சுற்றிக் கூட்டங்கள் நடந்தன. ரோல்ஸ் சாப்பிட்டார்கள், ஏற்றுமதி பற்றிக் கதைத்தார்கள், ஆபிரிக்காவைப் பங்கு போட்டார்கள்.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு ஓட்டோ கராஜுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு அறை பிடித்தேன். பெயின்ற் கலக்குகிற கம்பியை ட்ரில் மிஷினில் பூட்டி, நீலப் பிளாஸ்டிக் பரல் ஒன்றுக்குள் கலக்கினேன். முதலில் எண்ணெயும், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற எமல்சிஃபயரும். பிறகு தண்ணீர், ஒரு கோப்பை, ஒரு கோப்பையாக. அவசரப்பட்டு ஊற்றினால் எண்ணெய் கண் கண்ணாக மேலே வந்து நிற்கும். பரலோடு கொட்ட வேண்டியதுதான். மெல்ல ஊற்றினால் ஒரு கட்டத்தில் அது பட்டர் போல இறுகும், கம்பி திணறும், தோள்மூட்டு கழன்றுவிடும் போல இருக்கும். அதற்குப் பிறகுதான் மிச்சத் தண்ணீர். மூன்று பரல் பழுதாகி நாலாவது சரிவந்தது. ஏழு நாள் வைத்துப் பார்த்தேன். பிரியவில்லை.

கிராண்ட்பாஸில் றப்பர் மேட் செய்கிற ஒரு ஹாஜியாரைக் கராஜ்காரர் காட்டிவிட்டார். ஹாஜியார் என் போத்தலைக் குலுக்கிப் பார்த்தார்.

"தம்பி, கதையெல்லாம் நமக்குத் தேவல்ல. மோல்டுல அடிச்சா மேட் கழரணும். சனிக்கெழம நாலு கான் கொண்டு வாங்க, ஒரு ஷிஃப்ட் ஓட்டிப் பாப்பம். சரின்னா மாசா மாசம் ஒங்ககிட்டதான்."

எனக்கு அந்தச் சனிக்கிழமை வேறு ஒரு காரணத்தாலும் முக்கியமாக இருந்தது. என் கடவுச்சீட்டு கொள்ளுப்பிட்டியில் ஒரு ஏஜென்சியில் கிடந்தது. டோகாவில் அதே வேலை, அதே அறை. திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் போகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடம் இன்னொருவனுக்கு. வயது நாற்பத்தொன்று, அடுத்த முறை எடுக்கமாட்டார்கள் என்று அங்கே இருந்த பெண் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாள். ஹாஜியார் ஓம் என்றால் நிற்பது, இல்லையென்றால் போவது. அப்படித்தான் முடிவு செய்திருந்தேன்.

சனிக்கிழமை காலை அத்தான் அலுவலகம் போவதுபோலக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்தார். நாலு பிளாஸ்டிக் கானும் நிரப்பியபடி வாசலில் இருந்தன. மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

"என்னடா இது, தண்ணியாக் கிடக்கு?"

"அது அப்பிடித்தான் அத்தான். இறுக்கம் பாக்கிற சாமான் இல்லை இது."

"உனக்கு என்ன தெரியும்? சாமான் எண்டா கையில பிடிபட வேணும். நீ போய் ஓட்டோவைப் பிடி."

நான் போனேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஹாஜியாரின் தொழிற்சாலையில், எங்கள் சாமானை விசிறி வார்த்துவிட்டு மோல்டைத் திறந்தபோது மேட் வரவில்லை. வேலை செய்தவர் நெம்புகோலால் குத்தினார். ஒரு மூலை கிழிந்துகொண்டு வந்தது, மிச்சம் இரும்போடு ஒட்டிக்கொண்டது. "மல்லி, மேக்க ஹரியன்னே நே" என்று சிங்களத்தில் சொல்லித் தலையை ஆட்டினார். சரிவராதாம். எனக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஹாஜியார் கானுக்குள் எட்டிப் பார்த்தார். கீழே கலங்கல் தண்ணீர், மேலே எண்ணெய்.

"என்ன தம்பி, பால் தெரஞ்ச மாதிரி ஈக்கிது?"

அத்தான் உடனே வெப்பநிலை, மேற்பரப்பு இழுவிசை என்று தொடங்கினார். ஹாஜியார் அவருடைய கழுத்துப்பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், நீங்க பாடம் படிப்பிக்கிற ஆளா?"

"ஓம், உயர்தரம்."

"அதான்."

நான் கானுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. உப்பு.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கொரோனா நேரம் வெள்ளவத்தையில் பாதி வீடுகளில் பாத்திரம் கழுவுகிற திரவம் செய்தார்கள். அத்தானும் செய்தார். அந்தத் திரவத்துக்குள் ஒரு பிடி கறியுப்பைப் போட்டால் சட்டென்று இறுகும். பார்க்கிறவர்களுக்கு நல்ல சாமான் போலத் தெரியும். அதில் படித்ததை, நான் ஓட்டோ பிடிக்கப் போன அந்தப் பத்து நிமிடத்தில், இதிலும் போட்டிருக்கிறார். அரை மணித்தியாலம் இறுகித்தான் இருந்திருக்கும். நான் பாவித்த எமல்சிஃபயர் உப்பைத் தாங்காது. ஓட்டோவில் குலுங்கி, தொழிற்சாலைச் சூட்டில் நின்று, உடைந்துவிட்டது. உப்பு என்ன செய்யும் என்று பலகையில் எழுதிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற மனிதர் இவர்.

வெளியே வந்து கேட்டேன்.

"உப்புப் போட்டனீங்களா அத்தான்?"

"கொஞ்சம். உன்ர கலவை பிழை. சரியான எமல்ஷன் எண்டா உப்புக்கு நிண்டிருக்கும்."

அக்காவின் கணவரை அடிக்க முடியாது. எங்கள் ஆட்களில் அத்தானுக்கு எதிரே குரல்கூட உயர்த்த முடியாது; அப்படி உயர்த்தினால் அழப்போவது அக்கா. அந்த மரியாதைக்குள் உட்கார்ந்துகொண்டுதான் இப்படிப்பட்டவர்கள் ஆயுள் முழுக்க நிர்வாகப் பணிப்பாளராக இருக்கிறார்கள். நான் அவரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பவும் உள்ளே போனேன். போக வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கம் எனக்குப் பழகிய சாமான்.

"ஹாஜியார், இன்னொருக்கா ஒரு கான் மட்டும் கொண்டு வரட்டா?"

"மோல்ட் சுரண்ட எனக்கு ரெண்டு மணித்தியாலம் போச்சு தம்பி."

"நான் சுரண்டுறன்."

சுரண்டினேன். பித்தளைத் தகடால், இரும்பில் கீறல் விழாமல், சூடு ஆற முதல். இரண்டு விரல் நுனி வெந்தது. முடிந்ததும் அவர் மோல்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "திங்கக்கெழம ஏழு மணிக்கு வாங்க. சேர் வாணாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் கராஜ் அறைப் பூட்டின் திறப்பை யாருக்கும் கொடுக்கவில்லை. வெந்த விரல்களில் துணி சுற்றிக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம் வரை கலக்கினேன். அக்கா தொலைபேசியில் வந்தாள்.

"அத்தான் சாப்பிடேல்லையடா. நீ அவரை அவமானப்படுத்திப்போட்டியாம்."

"சாப்பிடச் சொல்லுங்கோ அக்கா. உப்புக் குறைச்சு."

அவள் வைத்துவிட்டாள். அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. அவளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனாலும் சொல்லும்போது நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை மோல்ட் திறந்தபோது அதே வேலைக்காரர் இரண்டு விரலால் மேட்டின் மூலையைத் தூக்கினார். அது முழுதாக எழுந்து வந்தது. அடுத்ததும் வந்தது. பத்தாவது மேட் வரை நான் எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. ஹாஜியார் பாராட்டவில்லை.

"நாளைக்கு ரெண்டு கான். மத்தப் பேச்செல்லாம் பொறகு."

அங்கிருந்து கொள்ளுப்பிட்டிக்குப் போய், டோகாவுக்குப் போகவில்லை என்றேன். ஏஜென்சிப் பெண் கடவுச்சீட்டை மேசையில் போட்டாள்.

"நல்லா யோசிச்சீங்களா? திரும்ப வந்து நிண்டா நான் ஒண்டும் செய்யேலாது."

"ஓம்."

"இஞ்ச என்ன செய்யப் போறீங்க?"

சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. விளங்கவைக்க நான் முயலவுமில்லை. நாளைக்கு இரண்டு கான் கொடுக்க வேண்டும்; அறையில் இருந்த சிலிகோன் எண்ணெய் ஒரு கானுக்குத்தான் போதும். காலி வீதி என்கிற பெரிய றோட்டில் இறங்கி, எண்ணெய் விற்கிறவரின் கடை மூட முதல் போய்ச் சேர வேண்டும் என்று பஸ்ஸுக்கு ஓடினேன்.