ஊருணிக்கு அர்த்தம் படித்த நாள்

அந்த அகராதி எனக்கு ஓட்டப் பந்தயத்தில் கிடைத்தது. முதலில் வந்தவளுக்குப் புத்தகம், இரண்டாவதாக வந்தவளுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கலாமே என்று திருச்சுழியிலிருந்து ஊர் வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அப்போது நான் ஆறாம் வகுப்பு.

அழுகை நின்ற பிறகு பிரித்துப் பார்த்தேன். அந்தப் புத்தகம் எந்தச் சொல்லையும் தனியாக நிற்க விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துவந்து அருகில் நிறுத்தித்தான் அடையாளம் காட்டியது. ஓடை என்றால் ஆற்றைவிடச் சிறியது. வாய்க்காலைப் போலன்றி, மனிதர் வெட்டாதது. சோம்பல் என்றால் களைப்பு அல்ல. களைப்பே இல்லாமல் படுத்திருப்பது. இதை உரக்கப் படித்துக் காட்டியதில் அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அம்மா மட்டும் பாத்திரம் கழுவியபடியே, “இன்னொன்னு படி” என்பாள். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.

எங்கள் ஊரில் ஒரு கண்மாய், ஒரு ஊருணி. கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு. அதில் மாடு குளிக்கும், துணி துவைப்போம். ஊருணித் தண்ணீர் குடிக்கவும் சோறு பொங்கவும். குழாயில் வருவது உப்புத் தண்ணீர், பருப்பு வேகாது. அதனால் ஊருணிக் கரையில் யாரும் செருப்போடு ஏறமாட்டார்கள்.

அந்த வருடம் நல்ல மழை. மீன் வளர்க்கக் குத்தகைக்கு விடப்போகிற நீர்நிலைகளின் பட்டியலைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டினார்கள். பெரிய கண்மாய், சின்னக் கண்மாய் என்று அதில் இரண்டு இருந்தன. ஊரில் சின்னக் கண்மாய் என்று ஒன்றும் கிடையாது. ஊருணியைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். பக்கத்து ஊரில் மீனுக்கு இரையாகக் கோழிக்கழிவை மூட்டை மூட்டையாகக் கொட்டியதை எல்லோரும் பார்த்திருந்தோம். குத்தகை கேட்டிருந்தவர் என் பெரியப்பா.

கிராம சபை கூடிய அன்று காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“ஊருணிக்கு என்ன போட்டிருக்குன்னு பாரு.”

பார்த்துச் சொன்னேன்.

“மடைக்கு?”

அதையும் சொன்னேன். “ரெண்டு பக்கத்தையும் மடிச்சு வச்சுக்க. சபைக்குக் கொண்டா” என்றாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தது. வந்திருந்த அதிகாரி இளைஞர், வடக்கே எங்கோ ஊர். பெண்கள் ஊருணியைக் குத்தகைக்கு விடக்கூடாது என்று எழுந்தார்கள்.

“ரெண்டுமே தண்ணி நிக்கிற இடம்தானேம்மா? எங்க பக்கம் எல்லாத்தையும் ஏரின்னுதான் சொல்வோம். கண்மாய்க்கும் ஊருணிக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க” என்றார் அவர்.

“கண்மான்னா கண்மா, ஊருணின்னா ஊருணி. இதுல என்ன சொல்லக் கெடக்கு?” என்றார் ஒரு பாட்டி. தினமும் குடம் சுமந்தவர்கள் அத்தனை பேருக்கும் அதற்குமேல் சொல்ல வரவில்லை. முன்வரிசை நாற்காலியில் பெரியப்பா சிரித்தார். அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார்.

அம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

நான் போய் நின்று படித்தேன். “ஊருணி: ஊரார் குடிப்பதற்காக வெட்டிய நீர்நிலை. கண்மாயைப் போலன்றி, பாசனத்துக்கு உரியதன்று. ஆகவே மடை இராது.”

“மடைன்னா?” என்றார் அதிகாரி.

மடித்து வைத்திருந்த அடுத்த பக்கம். “மடை: கண்மாய்க் கரையில் வயலுக்கு நீர் திறந்துவிடும் வழி. கலுங்கு அன்று. கலுங்கு என்பது மிஞ்சிய நீர் வெளியேறும் வழி.”

“ஒண்ணு கேட்டா ரெண்டு வருதே” என்று அதிகாரி சிரித்துவிட்டார். “சரி, வாங்க. மடை இருக்கான்னு பாத்துருவோம்.”

ஊரே அவர் பின்னால் போனது. கரையடியில் யாரும் சொல்லாமலே எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். அவர் அதைப் பார்த்தார், தன் ஷூவையும் கழற்றினார். கருவேல முள்ளுக்குப் பயந்து பயந்து கால் வைத்துக் கரையை முழுதாகச் சுற்றிவந்தார். ஒரு மடையும் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து பட்டியலில் ‘சின்னக் கண்மாய்’ என்பதை அடித்து, ‘ஊருணி, குடிநீருக்கு மட்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பெண்கள் குலவை போட்டார்கள். சடங்கு வீட்டிலும் சாமி கும்பிடும்போதும் மட்டுமே கேட்ட குலவை அன்று எனக்காக எழுந்தது. யாரோ என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையை இடுப்பில் வைப்பது எவ்வளவு சிரமம் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. அகராதியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன்.

கூட்டம் கலையும்போது பெரியப்பா என்னிடம் வந்தார். கோபமாகத் தெரியவில்லை.

“நல்லாத்தான் படிக்கிற. இதையெல்லாம் பாத்து வைக்கச் சொல்லி யாரு சொன்னா?”

பெயரை இன்னொருவரோடு பங்கு போட எனக்கு மனமில்லை. “யாரும் சொல்லல பெரியப்பா. நானாத்தான் பாத்தேன்” என்றேன்.

அவர் என் தலையில் தட்டிவிட்டு, பின்னால் நின்ற அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா அவளுக்கு மூத்தார், கணவரின் அண்ணன். அவர் முன்னால் அவள் உட்கார்ந்ததும் இல்லை, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதும் இல்லை.

அன்று மத்தியானம் அண்ணனுக்கு ஒரு முட்டையும் எனக்கு இரண்டும் வைத்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, என் முடியைக் கோதிக்கொண்டிருந்தாள். ஊரை ஜெயிக்க வைத்ததற்குத்தான் அந்த இரண்டாவது முட்டை என்று நினைத்துக்கொண்டு தின்றேன். புகழில் அவளுக்குத் துளியும் கொடுக்காமல் முழுக்க நானே எடுத்துக்கொண்டதற்கு அது என்று விளங்க, எனக்கும் கல்யாணமாகி, எனக்கும் ஒரு மூத்தார் வரவேண்டியிருந்தது.