செடியில பழுத்தா உங்களுக்கு

எங்க அக்கா ஒரு பல் டாக்டர்கிட்ட இருபத்தாறு வருஷமா உதவியாளரா இருக்கா. டாக்டர் கையை நீட்டினா போதும், என்ன வேணும்னு அவர் சொல்றதுக்குள்ள எடுத்துக் குடுத்துடுவா. அவ சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. தங்கச்சி நான் அவளுக்கு நேர் எதிர். கொரியர் கம்பெனியில பார்சல் பிரிக்கிற வேலை எனக்கு. நான் கத்தினா லாரி டிரைவருங்களே ஒதுங்கி நிப்பாங்க. அதனால இந்தக் கதையை நான் சொல்றதுதான் நல்லது. அக்காவைச் சொல்லச் சொன்னா ரெண்டு வரியில முடிச்சுட்டு அடுப்பைப் பாக்கப் போயிடுவா.

அக்கா புருஷன் தண்ணி மீட்டர் பாக்கிறவர். வீடு வீடாப் போய், பின்பக்கம் நுழைஞ்சு, மீட்டர்ல இருக்கிற நம்பரை எழுதிக்கிட்டு வரணும். யார் வீட்டுத் தோட்டத்துல என்ன காய்ச்சிருக்குன்னு அவருக்கு அத்துப்படி. இத்தனை தோட்டத்தைப் பாத்துப் பாத்து அவருக்கு ஒரு வெறி வந்துடுச்சு. வேற எவன் தோட்டத்துலயும் இல்லாத தக்காளி ஒண்ணு நம்ம தோட்டத்துல காய்க்கணும். சின்னதா இனிப்பா ஒரு ரகம், பெருசா சதைப்பத்தா ஒரு ரகம், ரெண்டையும் சேத்து மூணாவதா ஒண்ணு உண்டாக்கப் போறேன்னு ஆரம்பிச்சாரு. அப்ப அவரை நான் மாமான்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.

தக்காளிப் பூ விரிஞ்சுட்டா தன் மகரந்தப் பொடியிலயே காய் பிடிச்சுடும். வேற செடியோட சேக்கணும்னா, மொட்டா இருக்கும்போதே பிரிச்சு, நடுவுல இருக்கிற மஞ்சக் கூம்பை உரிச்சு எடுத்துட்டு, மத்த செடியோட பொடியைத் தடவணும். மாமாவோட விரல் ஒவ்வொண்ணும் வாழைப்பழம் தண்டி. அவர் தொட்ட மொட்டெல்லாம் காம்போட கையில வந்துச்சு. அக்காதான் கிளினிக்குல கழிச்சுப் போட்ட இடுக்கியையும் சின்ன பிரஷ்ஷையும் கொண்டு வந்து, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு மொட்டையும் பிரிச்சா. தடவின பூவுக்கெல்லாம் அடையாளத்துக்கு நூல் கட்டினா. மாமா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டு, "பாத்து, பாத்து"ன்னு சொல்லிக்கிட்டு இருப்பாரு. ரொம்ப கஷ்டமான வேலை, பாவம்.

அப்புறம் வருஷா வருஷம் இருக்கிறதுல நல்ல செடியா வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கழிக்கணும். பதினாலு வருஷம் ஆச்சு. கடைசியில வந்த பழம் நிஜமாவே அழகுதான், வயித்தெரிச்சல்ல பொய் சொல்ல மாட்டேன். கருஞ்சிவப்பு, காம்போரத் தோள்ல மஞ்சக் கோடு, அறுத்தா தண்ணி ஓடாது. அதுக்கு அவர் தன் பேரையே வச்சாரு. ஒருத்தருக்கும் ஒரு விதை குடுத்தது கிடையாது. வீட்டுக்கு வந்தவங்களுக்குத் தக்காளி குடுத்தாக்கூட, உள்ள இருக்கிறதைச் சுரண்டி அக்காகிட்ட குடுத்துட்டு வெறும் சதையைத்தான் தட்டுல வைப்பாரு. எனக்கே அப்படித்தான் வச்சாரு!

தோட்டக் கண்காட்சியில அந்தத் தக்காளிக்கு முதல் பரிசு கிடைச்சுது. அக்கா ரெண்டாவது வரிசையில, மடியில பழத்தட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நான் பக்கத்துல. அவர் மைக்கைப் பிடிச்சு, "பதினாலு வருஷம் தனி ஆளா பாடுபட்டேன்"னாரு. தனி ஆளா! அதோட விட்டாரா? நாத்து விக்கிற நர்சரிக்காரம்மாவை மேடைக்குக் கூப்பிட்டு, இவங்க குடுத்த ஊக்கம்தான் எல்லாத்துக்கும் காரணம்னு சால்வை போட்டாரு. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. எந்திரிக்கப் போன என் முழங்காலை அக்கா ஒரு கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டா. தட்டுல இருந்த ஒரு பழம்கூட உருளல.

ரெண்டு மாசத்துல அவர் நர்சரிக்காரம்மா வீட்டுக்கே போயிட்டாரு. துணி எடுத்தாரு, ஷேவிங் செட்டு எடுத்தாரு, விதை டப்பாவை எடுத்தாரு. இருபது வருஷம் கூட இருந்தவளை ஒரு வார்த்தை கேக்கல. அன்னிக்கே மாமாங்கிற வார்த்தையை நான் தலை முழுகிட்டேன். அதுக்கப்புறம் எனக்கு அந்த ஆள் வெறும் மீட்டர்காரர். அக்கா மறுநாள் காலையில எப்பவும் போல டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு கிளினிக்குக்குப் போனா. நான் என் மூட்டை முடிச்சோட அவ வீட்டு மாடி ரூமுக்கு வந்து சேந்தேன்.

குளிர் போயி வெயில் வந்தப்ப, தோட்டத்துல பதினோரு தக்காளிச் செடி தானா முளைச்சுது. முந்தின வருஷம் உதிர்ந்து மக்கின பழத்துல இருந்து வந்தது. அந்த மாசம் மீட்டர் பாக்க வந்தப்ப அந்த ஆள் அதைப் பாத்தாரு. பாத்துட்டு அப்படியே நின்னாரு. மறுநாள் தன் அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு வந்தாரு. அப்பத்தான் விஷயம் வெளிய வந்துச்சு. புது வீட்டுல விதை டப்பாவை வெந்நீர் பாய்லர் மேல வச்சிருக்காரு, மகராசன். விதை மொத்தமும் வெந்து போச்சு. இருநூறு தொட்டியில போட்டு ஒண்ணுகூட முளைக்கல. அவரோட தக்காளி உலகத்துலயே இப்ப எங்க வீட்டுப் பின்பக்கம் மட்டும்தான் இருக்கு.

"ஒரே ஒரு பழம் குடு, போதும்"னாரு. கண்ணுல தண்ணி.

நான் செடியைப் பிடுங்கவே குனிஞ்சுட்டேன். அக்கா என்னைத் தள்ளி நிறுத்தினா.

"செடியில பழுத்தா உங்களுக்குத்தான்"னா. "ஒண்ணு என்ன, செடியில பழுக்கிற அத்தனையும் உங்களுக்கே. அண்ணி சாட்சி."

"பாத்தியாடா, எப்பேர்ப்பட்ட தங்கமானவளை விட்டுட்டுப் போனே!"ன்னு அக்காவோட நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கிட்டே போனாங்க. நான் மூணு நாள் அக்காகூடப் பேசல. இவளுக்குச் சூடு சொரணை ஒண்ணுமே இல்லயான்னு மாடியில தனியா உக்காந்து கரிச்சுக் கொட்டினேன்.

அக்கா அந்தச் செடிங்களைத் தாங்கு தாங்குன்னு தாங்கினா. குச்சி நட்டுத் துணிக்கிழிசலால தளர்வாக் கட்டினா. தண்டுக்கும் கிளைக்கும் நடுவுல வர்ற துளிரையெல்லாம் சின்னதுலயே கிள்ளினா. வேருக்கு வைக்கோல் போட்டா. இலை நனையாம அடியில மட்டும் தண்ணி ஊத்தினா. கொத்துக் கொத்தாக் காய் பிடிச்சுது. மீட்டர்காரர் ஞாயித்துக்கிழமை தவறாம வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு காயை எண்ணுவாரு. மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பு.

ஒரு திங்கக்கிழமை வேலை முடிஞ்சு வந்து பாத்தா, அடுப்புல பச்சைத் தக்காளி வதங்கிக்கிட்டு இருக்கு. தோட்டத்துல முதல் கொத்து மொத்தமும் காலி.

"என்னக்கா இது?"

"பழுத்தாத்தானே அவருக்கு?"ன்னு கேட்டுட்டு உப்புப் போட்டா.

எனக்குப் புரிஞ்சதும் சமையல்கட்டுத் தரையில உக்காந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். அடிப்பாவி! இவளைப் போயி சொரணை கெட்டவன்னு திட்டிட்டேனே!

அந்த வெயில் காலம் பூரா நாங்க பச்சைத் தக்காளிதான் தின்னோம். வதக்கினோம், வறுத்தோம், சூப் வச்சோம், ஊறுகாய் போட்டோம். என் நாக்கு புளிச்சே செத்துப் போச்சு. இருந்தாலும் ஒவ்வொரு வாயையும் ருசிச்சுத்தான் தின்னேன். தெருவுல எல்லார் வீட்டுத் தக்காளியும் சிவந்து தொங்குது, எங்க வீட்டுல மட்டும் ஒரு பழம் கிடையாது. தக்காளியைப் பழுக்க வைக்க எல்லாரும் பாடுபடுவாங்க. பழுக்க விடாம இருக்க எங்க அக்கா பட்ட பாடு இருக்கே, அது அதைவிடப் பெருசு. கிளினிக்குக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சுத்து, வந்ததும் ஒரு சுத்து. ஒவ்வொரு காயா அடியில திருப்பிப் பாத்துட்டுத்தான் உள்ள வருவா.

நாலாவது வாரம் மீட்டர்காரருக்குச் சந்தேகம் வந்துடுச்சு. "மேல் கொத்துல ஆறு காய் இருந்துச்சே, எங்க?"ன்னாரு.

"சமைச்சுட்டேன்."

"விதை முத்தறதுக்கு முன்னாடி பறிச்சா எல்லாம் வீணாயிடுமே!"

"அப்படியா?"ன்னா அக்கா.

அந்த ஆள் மூஞ்சியைப் பாக்கணுமே! ரத்தமே இல்ல. போய் நாத்தனாரை விட்டு போன் பண்ணச் சொன்னாரு. அக்கா அவங்ககிட்டயும் மரியாதையாத்தான் பேசினா. "சொன்ன சொல்லை நான் மீறல அண்ணி. செடியில பழுத்தா அவருக்குத்தான்." அதுக்கு மேல அவங்களால என்ன பேச முடியும்? சாட்சி நின்னவங்களாச்சே.

குளிர் மழை ஆரம்பிச்சதும் அக்கா செடியையெல்லாம் வேரோட பிடுங்கிப் போட்டா. அன்னிக்கும் அவர் வந்து கேட்டுக்கு வெளிய நனைஞ்சுக்கிட்டு நின்னாரு. "பதினாலு வருஷத்தை நாசம் பண்ணிட்டியே"ன்னு அழுதாரு. "எனக்கும் அதே பதினாலு வருஷம்தான்"னு சொல்லிட்டு அக்கா கதவைச் சாத்தினா. எனக்கு அது எவ்வளவு இனிச்சுதுன்னு சொல்ல முடியாது. நல்லா அழட்டும்னு ஜன்னல் திரையை விலக்கி வச்சுக்கிட்டுப் பாத்தேன்.

ஒரு வாரம் கழிச்சுக் குளிர் தாங்காம ஸ்வெட்டர் எடுக்க அக்கா அலமாரியைத் திறந்தேன். கம்பளித் துணிக்கு அடியில நியூஸ்பேப்பர் பொட்டலமா இருந்துச்சு. ஒண்ணைப் பிரிச்சேன். கருஞ்சிவப்பு. தோள்ல மஞ்சக் கோடு. அடுத்ததும் அப்படியே. முப்பதுக்குக் குறையாம இருந்துச்சு, மூலையில கறுத்துப் போன வாழைப்பழம் ரெண்டு வேற.

பின்னாடி அக்கா வந்து நின்னா. "அடியில வெளுத்து நட்சத்திரம் மாதிரி விழுந்துட்டா விதை முத்திடுச்சுன்னு அர்த்தம். அப்பப் பறிச்சு வச்சுட்டா வாழைப்பழத்தோட சேந்து தானாப் பழுத்துடும். இதெல்லாம் பழுத்தது அலமாரியில. செடியில இல்ல."

"அப்ப இனிமே இது நம்மகிட்ட மட்டும்தான்! ஒருத்தனுக்கும் காட்டாதே!"ன்னு நான் குதிச்சேன்.

அக்கா என்னை ஒரு மாதிரியாப் பாத்தா. "அவரும் அப்படித்தானே வச்சிருந்தாரு"ன்னா.

அடுத்த வருஷம் அவ நாத்து போட்டது கிளினிக்குல வாய் கொப்பளிக்கிற பேப்பர் கப்புல. நூத்து இருபது கப்பு. பல் பிடுங்க வந்தவங்களுக்கெல்லாம் பஞ்சோட சேத்து ஆளுக்கு ஒரு நாத்து குடுத்தா. எங்க தெரு, பின் தெரு, பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒரு வீடு விடல. எப்படிக் கட்டணும், எப்பக் கிள்ளணும், விதை எப்படி எடுக்கணும்னு நின்னு சொல்லிக் குடுத்தா. ஒரே ஒரு நிபந்தனைதான். யார் வந்து கேட்டாலும் இல்லைன்னு சொல்லக் கூடாது.

"இது என்ன தக்காளிக்கா?"ன்னு கேட்டாங்க.

"தக்காளிதான்"னா.

ஜனங்க அதுக்குக் கிளினிக் தக்காளின்னு பேர் வச்சாங்க. எனக்கு மனசு ஆறல. "யார் கேட்டாலும்னா, அந்த ஆள் கேட்டா?"ன்னு சண்டைக்குப் போனேன்.

"கேக்கட்டுமே"ன்னா அக்கா.

பழம் சிவந்த மாசத்துல மீட்டர்காரர் வேலைக்கு வந்தாரு. எங்க வீட்டுக்கு முன்னாடி முப்பது வீட்டுக்காவது போயிருப்பாரு, முப்பது வீட்டுப் பின்பக்கத்துலயும் அவர் தக்காளி தொங்குது. எங்க மீட்டருக்கு வந்து குனிஞ்ச ஆள் நிமிரல. நம்பரை எழுதி, அடிச்சு, திரும்ப எழுதினாரு. அப்புறம்தான் நிமிர்ந்தாரு.

"எல்லாருக்கும் குடுத்துட்டியா?"

"கேட்டவங்களுக்குக் குடுத்தேன்."

"இதை உண்டாக்கினது நான்னு ஒருத்தர்கிட்டயாவது சொன்னியா?"

அக்கா அடுத்த துணியை உதறிக் கொடியில போட்டா. அவர் குரல் இறங்கி, "எனக்கு ஒரு பழம் குடு. உன் கையால குடு"ன்னாரு.

"எதிர் வீட்டுல கேளுங்க. யார் கேட்டாலும் தருவாங்க"ன்னா அக்கா.

போனாரு. எதிர் வீட்டுக்குப் புதுசாக் குடி வந்த பொண்ணு ஒண்ணு இருக்கா, பேங்க் வேலை. வந்தப்ப அவளுக்குத் தக்காளி மரத்துல காய்க்குதா, செடியில காய்க்குதான்னே தெரியாது. அவ முகமெல்லாம் பல்லா, ரெண்டு பழத்தைப் பறிச்சு அவர் கையில வச்சா. அதோட விடாம, "விதை எடுக்கத் தெரியுமா அங்கிள்? உள்ள இருக்கிறதைப் பிழிஞ்சு ஒரு டம்ளர்ல போட்டு மூணு நாள் வைங்க. மேல ஆடை கட்டும், அதை எடுத்துக் கொட்டிடுங்க. அடியில நிக்கிறதுதான் நல்ல விதை"ன்னு பாடம் நடத்த ஆரம்பிச்சா. எனக்குச் சிரிப்பு பீறிக்கிட்டு வந்துச்சு. வாயைப் பொத்திக்கிட்டு ஜன்னலுக்கு ஓடி அக்காவையும் இழுத்து நிறுத்தினேன்.

அந்த ஆள் மீட்டர் நோட்டைத் திறந்து எழுதிக்கிட்டு இருந்தாரு. "அப்புறம் எதுல காய வைக்கணும்மா? துணியிலயா, பேப்பர்லயா?"ன்னு கேட்டாரு.

"பேப்பர்ல ஒட்டிக்கும் அங்கிள், தட்டுல வைங்க. காஞ்சதும் வெயில், சூடு படாத இடத்துல வைக்கணும்."

"பாருக்கா, என்னமா நடிக்கிறான்!"னேன்.

"நடிக்கலடி"ன்னா அக்கா. "அவருக்கு நிஜமாவே தெரியாது."