மூன்று வண்டியும் ஒரு பந்தலும்

இங்கே ஃபின்லாந்தில், எங்கள் அலுவலக மேலாளரும் துணை மேலாளரும் ஒரே லிஃப்டில் ஏறுவதில்லை. இருவருக்கும் பகை என்று முதல் வாரமே டைரியில் எழுதிவைத்தேன். சமாதானம் செய்துவைக்கும் நல்லெண்ணத்தில் இருவரையும் வீட்டுக்குச் சாப்பிடவும் கூப்பிட்டேன். "லிஃப்ட் நின்றுவிட்டால் ஒருவராவது வெளியே இருக்க வேண்டாமா?" என்று மேலாளர் வியப்போடு கேட்ட பிறகுதான் அந்த வரியை அடித்தேன்.

அணு உலைகளுக்கு வரக்கூடிய ஆபத்தைக் கணக்கிடுவது எங்கள் வேலை. குளிர்விக்க நான்கு பம்புகள் இருக்கலாம். நான்கையும் ஒரே ஆள், ஒரே தவறான குறிப்பைப் பார்த்து முடுக்கியிருந்தால், தேவைப்படும் நாளில் நான்கும் சேர்ந்தே படுத்துவிடும். பொதுக்காரணப் பழுது என்பது இதுதான்.

இந்த அறிவோடுதான் அக்கா மகள் செல்விக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோகச் செங்கல்பட்டு போனேன். கல்யாணம் மாமல்லபுரத்தில். என் கையால் மாலை விழுந்தால்தான் அவள் மணையில் உட்காருவாள். ஆகவே ஒரு வண்டிக்கு மூன்று வண்டி சொன்னேன்: மூன்று முதலாளி, மூன்று டிரைவர். தாமதமே கூடாதென்று முந்தின மாலையே மூன்றையும் எங்கள் முட்டுச்சந்துக்குள் வரிசையாக நிறுத்தவைத்தேன்.

காலை ஆறு மணிக்குச் சீர்த்தட்டோடு வெளியே வந்தால், சந்தின் வாயை அடைத்துக்கொண்டு பந்தல். மதியம் மணமக்கள் வரும்போது நிழல் வேண்டுமென்று, விடியற்காலையிலேயே போடச் சொல்லியிருந்தது நான்தான்.

"மூணு வண்டி சொன்ன ஆளு, ஒண்ண ரோட்டுல வுட சொல்லக்கூடாதா அண்ணாத்த?" என்றார் முதல் டிரைவர். மற்ற இருவரும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள்.

செல்வி போனில் கத்தினாள். "மாமா, எங்க கீற? ஐயரு கூப்டுகினே கீறாரு!"

"பந்தல்ல மாட்டிக்கினேன்மா."

"எந்தப் பந்தல்?"

"நான் போட்டது."

"உன்ன யாரு போடச் சொன்னது!"

முதல் டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். பல் துலக்கியவர், பால் வாங்கப் போனவர், லுங்கியை மடித்துக் கட்டியவர் என்று தெருவே வந்துவிட்டது. கால்களைப் பிடுங்கி, பந்தலை அப்படியே தலைக்கு மேல் தூக்கினார்கள்.

மாலை உரிய நேரத்தில் விழுந்தது. ஆனால் இங்கே பனியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நினைவுக்கு வருவது, வண்டியின் முன்சக்கரம் ரோட்டிலும் பின்சக்கரம் சந்திலும் இருந்த அந்த நிமிடம்தான். முன்னால் நின்றவர்கள், "வா, வா" என்றார்கள். பின்னால் நின்றவர்கள், "போ, போ" என்றார்கள். மடியில் சீர்த்தட்டோடு இரு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.